ஆடாத கோடு

அந்த அம்மா ஒரு குறிப்பிட்ட கண்டக்டர் இருக்கும் பஸ்ஸில் ஏற மாட்டார். மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஊட்டி சேரிங்கிராஸில் குடையோடு நின்று, வந்து நிற்கும் பஸ்ஸின் படிக்கட்டை எட்டிப் பார்ப்பார். அந்த ஆள் நின்றிருந்தால் ஒதுங்கிவிடுவார். அடுத்த பஸ் எப்போது வரும் என்று டிப்போக்காரர்களுக்கே தெரியாது, அது வேறு விஷயம். என்றோ ஒரு நாள் அந்தக் கண்டக்டர் இவரைப் பார்த்து, "எஸ்டேட் ஆளுங்கல்லாம் பின்னாடி போங்க" என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு கண்டக்டருக்குத் தலை நரைத்துவிட்டது. இவர் தன்மேல் கோபமாக இருப்பதே அவருக்குத் தெரியாது.

"ஏனுங்க மேடம், அவருக்கே தெரியாம அவரு மேல கோவமா இருந்து என்னங்க பிரயோஜனம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவனுக்குத் தெரியலைன்னா என்ன தம்பி, எனக்குத் தெரியுதுல்ல" என்றார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் படித்துவிட்டு என்னையும் அந்தக் கண்டக்டரோடு சேர்த்துவிடுவார். எனக்குக் கோயம்புத்தூர். ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவனை, ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு மலைமுடுக்கில் இருந்த சின்ன ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு எலக்ட்ரான் முடுக்கி இருந்தது. எலக்ட்ரான்களை ஒரு நீளமான இரும்புக் குழாய்க்குள் காற்றே இல்லாமல் செய்து வேகமாக ஓட்டுவார்கள். அந்த ஓட்டத்துக்கு பீம் என்று பெயர். பீம் குழாயின் நடுவிலேயே ஓட வேண்டும். கொஞ்சம் விலகிக் குழாயின் சுவரைத் தொட்டால் சுவர் ஓட்டையாகிவிடும். அது எங்கே ஓடுகிறது என்று பார்க்கக் குழாய் நெடுக மானிட்டர்கள் என்கிற அளவுக் கருவிகள் இருக்கும். ஒவ்வொரு மானிட்டர் சொல்வதும் கன்ட்ரோல் ரூம் திரையில் ஒரு கோடாக ஓடும். கோடு நேராக இருந்தால் பீம் நடுவில் இருக்கிறது. கோடு ஆடினால் பீம் ஆடுகிறது. இவ்வளவுதான், இதற்கு மேல் எனக்கும் பெரிதாகத் தெரியாது.

அந்தக் கோடுகளைக் காட்டும் புரோகிராம் மகா பழசு. அது ஓடிய கம்ப்யூட்டருக்கு உதிரி பாகம் செய்கிற ஆள் உலகத்திலேயே இல்லை. கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடித்தான் வாங்கி வருவார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டும் என்பது என் வேலை. பழசை எழுதியவர் அந்த அம்மா.

அது எனக்குத் தெரியாது. முதல் நாள் பச்சைத் திரையைப் பார்த்தேன், புரோகிராமைப் புரட்டினேன், தலை சுற்றியது. "இந்தக் குப்பைய எந்தப் புண்ணியவானுங்க எழுதுனது?" என்று கேட்டுவிட்டேன். கன்ட்ரோல் ரூமில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா, மூடியை நிதானமாகத் திருகிவிட்டு, "புண்ணியவான் இல்ல தம்பி, புண்ணியவதி" என்றார்.

இப்போதும் சொல்கிறேன், அது குப்பைதான். ஆனால் அன்றைக்கு ஆரம்பித்தது எனக்குச் சனி.

அவர் என்னிடம் பேசாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகப் பேசினார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கேட்டதற்கு மட்டும். "இந்த அளவெல்லாம் எங்கிருந்துங்க வருது?" என்றால், "மானிட்டர்லருந்து." "எந்த மானிட்டருங்க?" "நாலாவது." "சரியா இருக்குதுங்களா?" "இருக்கு." நான் ஊட்டிக் குளிரில் வாரக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டேன். பீமை இடது பக்கம் துளியூண்டு தள்ளினால் பழைய திரையில் நாலாவது கோடு சரியாக நகர்ந்தது, என்னுடையதில் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. கடைசியில் நானே குழாய்க்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நாலாவது மானிட்டரின் வயர்களை எந்தக் காலத்திலோ இடம் வலம் மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். பழைய புரோகிராமுக்குள் அதைத் திருப்பிக் காட்ட ஒரு வழி செய்து வைத்திருந்தார் இந்த அம்மா.

"ஏனுங்க மேடம், இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையே. குப்பைன்னுதானே சொன்னீங்க. குப்பையில என்ன இருக்கும்னு கேக்கலை."

அழுகை வராத குறை. ஆனால் என்ன கணக்கோ, ஒரு நாள் காலையில் என் மேஜையில் ஒரு பொட்டலம் வர்க்கி இருந்தது. ஊட்டி வர்க்கி, அடுப்பிலிருந்து எடுத்த சூடு இன்னும் காகிதத்தில் இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொழச்சீங்க. அம்மா தன் கையால வர்க்கி குடுத்தா தண்டனை முடிஞ்சுதுன்னு அர்த்தம். எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றார். அன்று மதியம் அந்த அம்மா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழைய புரோகிராமை மேலிருந்து கீழ் வரை வரி வரியாக விளக்கினார். அவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை.

அவருடைய அப்பா அம்மா சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து, கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே படித்து, இன்ஜினியராகி, அந்த மையத்துக்கு வந்திருந்தார். அதைப் பற்றிப் பெருமையாகவும் பேச மாட்டார், புலம்பவும் மாட்டார். அவருடைய அம்மா சொல்வதாக ஒன்று மட்டும் சொல்வார்: "தொரை மறந்துருவாரு, கொழுந்து பறிச்சவ மறக்க மாட்டா." நல்லதையும் அப்படித்தான் மறக்க மாட்டார். தன் அம்மாவுக்கு முடியாமல் போனபோது பூட்டிய கடையைத் திறந்து மருந்து கொடுத்த குன்னூர் மருந்துக்கடைக்காரருக்கு, வருஷா வருஷம் சீசனில் பர்லியாரில் இறங்கி மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பார். அந்தக் கடைக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் மகனுக்குக் கொடுத்தார். மகனுக்கு எதற்கென்றே தெரியாது, வாங்கிக்கொள்வான்.

யாராவது அவரிடம் பொறுமை பற்றிப் பேசினால் கெட்டது. "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்றாங்க. எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம். அந்த ஆளு மூஞ்சியை ஒரு தடவை பாக்கணும், போதும்" என்பார். அந்த ஆள் யார் என்று புதிதாக வந்தவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எங்கள் டைரக்டர்தான்.

டைரக்டரைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சால்வை, வெள்ளி பிரேம் போட்ட கண்ணாடி, வருகிறவர்களிடம் வாசல் வரை வந்து கைகூப்பும் மரியாதை. நம்மிடம் அதெல்லாம் கிடையாது. என்னைக் "கம்பெனிப் பையன்" என்றுதான் கூப்பிடுவார், என் மகளுக்கு அப்போது கல்லூரி வயது. பெரிய படிப்பு படித்தவர். ஆனால் ராகு காலத்தில் பீமை ஆன் செய்யச் சொல்ல மாட்டார். ஆயுத பூஜைக்குக் காந்தங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கின பிறகுதான் கன்ட்ரோல் ரூமுக்குள்ளேயே கால் வைப்பார். அதைத் தப்பு என்று சொல்லவில்லை, என் பைக்குக்கு நானும்தான் வைக்கிறேன்.

எங்கள் பீமுக்கு ஒரு வியாதி இருந்தது. மதியத்துக்கு மேல் மிஸ்ட், அந்த மலை மூடுபனி, ஏறினால் கட்டிடம் சட்டென்று குளிர்ந்துவிடும். காந்தங்களைக் குளிர வைக்கிற தண்ணீரும் சேர்ந்து குளிரும். பீம் மெல்ல மெல்ல நகர ஆரம்பிக்கும். காலையில் கோடு நேராக இருக்கும், மதியம் ஆடும். இது டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. பல வருஷங்களுக்கு முன்பு இந்த அம்மாவைக் கூப்பிட்டு, "பெரிய மனுஷங்க வந்து பாக்கிறாங்க. கோடு ஆடினா அசிங்கமா இருக்கு. ஒரு அளவுக்கு மேல விலகினா அதைக் காட்டாத, கடைசியா நல்லா இருந்ததையே காட்டு" என்று சொல்லியிருக்கிறார். இவர் முடியாது என்றிருக்கிறார். "முடியாதுன்னா எழுதிக் குடுத்துட்டு எஸ்டேட்டுக்கே போயிரு, கொழுந்து பறிக்க ஆள் வேணுமாம்" என்றாராம். அந்த வாக்கியத்தை இந்த அம்மா எனக்குச் சொன்னபோது டைரக்டரின் குரலிலேயே சொன்னார். அத்தனை வருஷம் அதை அப்படியே வைத்திருந்தார்.

எழுதினார். ஆன் ஆஃப் செய்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வைத்துத்தான் எழுதினார், விருந்தாளிகள் வரும்போது மட்டும் போடலாம் என்று. "யாரு எப்ப வருவாங்கன்னு தெரியாது, போட்டே வை" என்றார் டைரக்டர். அன்றிலிருந்து எங்கள் கோடு ஆடியதே இல்லை. மலையிலேயே நிலையான பீம் என்று டைரக்டர் மாநாடு மாநாடாகப் போய்ப் பேசினார், பரிசுகூட வாங்கினார்.

நான் வருவதற்குப் பல வருஷம் முன்பு, ஒரு மதியம் மிஸ்ட் ஏறியது. திரையில் எல்லாக் கோடும் நேர். குழாய்க்குள் பீம் விலகிப் போய்ச் சுவரைத் தொட்டு ஓட்டை போட்டுவிட்டது. மெஷின் மாதக்கணக்கில் நின்றது. டியூட்டியில் இருந்த ஆபரேட்டர் ராமையா, அந்த அம்மாவின் எஸ்டேட்டுக்காரர், பக்கத்து லயம். கான்ட்ராக்ட் வேலை. விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ராமையா தூங்கிவிட்டார், அதனால்தான் பார்க்கவில்லை என்றார் டைரக்டர். கோட்டை நிறுத்தி வைத்திருக்கிற விஷயத்தை இந்த அம்மா எழுந்து சொன்னார். "அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு" என்றார் டைரக்டர் அமைதியாக. "மேடம் உணர்ச்சிவசப்படறாங்க. எஸ்டேட் ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்குடுக்க மாட்டாங்க, அது நல்ல குணம்தான்." வந்த பெரியவருக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டர் மொழி தெரியாது, புரோகிராமைத் திறந்து பார்க்கவும் இல்லை. ராமையாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேத்திப் பாலாடாவில் கேரட் கழுவுகிற மிஷினில் கூலிக்குப் போனார் ராமையா. அந்த அம்மா அதற்குப் பிறகு கேரட்டை அவரிடம் தவிர வேறெங்கும் வாங்கியதில்லை. சீசன் இல்லாத நாளிலும் அங்கே போய் அரைக் கிலோ வாங்கி வருவார். "நீ தூங்கலைன்னு எனக்குத் தெரியும் ராமையா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். நானே ஒருமுறை கூடப் போயிருக்கிறேன், ராமையா கேரட் மண்ணைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

அந்தச் சுவிட்சை அதற்குப் பிறகு தொட முடியவில்லை. எடுத்தால், எடுத்தாச்சு என்று சொன்னதை எதற்கு மறுபடி எடுக்கிறாய் என்று கேள்வி வரும். அதனால் இந்த அம்மா பெரிய திரைக்குப் பக்கத்தில் மானிட்டர் சொல்வதை நேராகக் காட்டுகிற ஒரு பழைய ஆசிலோஸ்கோப்பைக் கொண்டுவந்து வைத்து, ஆபரேட்டர்களிடம், "இதைப் பாருங்க, அதைப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் கன்ட்ரோல் ரூமின் வழக்கமே அதுதான். பெரிய திரை விருந்தாளிக்கு, சின்னத் திரை வேலைக்கு. டைரக்டர் மட்டும் பெரிய திரையைப் பார்த்தார். வருஷங்கள் போகப் போகத் தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டார் மனுஷர். நிஜமாகவே எடுத்தாச்சு, நிஜமாகவே பீம் ஆடுவதில்லை என்று.

இதெல்லாம் தெரிந்ததும் நான் கொதித்துப் போனேன். "இப்பவே போயி அவருகிட்டக் கேட்டுப்போடலாமுங்க மேடம்" என்றேன்.

"ஒரு தடவை சொன்னேன். நான் ஒரு தடவைதான் சொல்லுவேன்" என்றார். "நீங்க புதுசை ஒழுங்கா எழுதுங்க தம்பி. மானிட்டர்ல வர்றது அப்படியே வரணும்."

பிறகு டைரக்டர் அறைக்குப் போய், நான் கூட இருக்கும்போதே, "சார், புதுத் திரையில மானிட்டர் என்ன சொல்லுதோ அதை அப்படியே காட்டட்டுங்களா?" என்று கேட்டார். "அப்படியேதான் காட்டணும், இதென்ன கேள்வி?" என்றார் டைரக்டர். "சரிங்க சார்" என்று வெளியே வந்தவர் வராந்தாவில் நின்று புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

புதுசும் பழசும் பக்கத்துப் பக்கத்துத் திரையில் பல மாதம் ஒன்றாக ஓடின. மாற்றுவதற்கு முன்பு அப்படி ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. மதியம் மிஸ்ட் ஏறும்போது புதுத் திரையில் கோடுகள் நெளியும், பழைய திரையில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். ஆபரேட்டர்கள் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். டைரக்டர் அந்தப் பக்கமே வருவதில்லை, அவருக்கு மாநாடுகள் இருந்தன.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை என்று முடிவானது. சிறப்பு விருந்தினருக்கு அன்றுதான் நேரம் இருந்தது. விருந்தினர், அந்த விசாரணைக்கு வந்த அதே பெரியவர். இப்போது இன்னும் பெரிய பதவி. டைரக்டர் எந்த விழாவையும் காலையில்தான் வைப்பார், மிஸ்டுக்கு முன்னால், அது அவருக்கே தெரியாமல் ஊறிப்போன பழக்கம். "பதினோரு மணிக்கு வச்சுக்கலாம், கோயம்புத்தூர்லருந்து மலையேறி வந்துருவாங்க" என்றார் கூட்டத்தில்.

கூட்டத்தில் எப்போதும் வாயே திறக்காத இந்த அம்மா, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "சார், வெள்ளிக்கிழமை பத்தரைலருந்து பன்னண்டு ராகு காலம்."

டைரக்டர் முகம் மாறியது. "அட ஆமா. நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க மேடம்" என்றார். அந்த மனுஷர் அவருக்கு நன்றி சொன்னது அது ஒரு முறைதான். சாப்பாட்டை முடித்துக்கொண்டு திறப்பது என்று முடிவானது.

அன்று காலை முழுக்கப் பளிச்சென்று வெயில். மிஸ்ட் வராமலே போய்விடுமோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். நானும் அந்த மனுஷர் முகத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தேன், அதில் எனக்கொன்றும் வெட்கமில்லை. அந்த அம்மா பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் பெரியவருக்கு அவரைக்குழம்பு பிடித்துவிட்டது, இரண்டு தரம் கேட்டு வாங்கினார். கை கழுவ வெளியே வந்தால் எதிர் மலை இல்லை. சில்வர் ஓக் மரங்களும் பாதிதான் இருந்தன. அந்த அம்மா ஜன்னலோரம் நின்று அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

விளக்கு ஏற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள். பெரியவர் பட்டனை அழுத்தினார். புதுத் திரை பெரிதாக விரிந்தது. கோடுகள் எல்லாம் நெளிந்துகொண்டிருந்தன. நாலாவது கோடு ஒரேயடியாக ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

டைரக்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னய்யா இது, கம்பெனிப் பையா? புது சாஃப்ட்வேர்ல தப்பு. பழைய திரையைப் போடு" என்றார். அந்த அம்மா பழைய திரையைப் பக்கத்தில் போட்டார். அதில் எல்லாம் நேர். "பாருங்க சார், பீம் நல்லாத்தான் இருக்கு" என்று டைரக்டர் பெரியவரிடம் சொன்னார்.

"ரெண்டுல எது சரி?" என்றார் பெரியவர்.

"பாத்துரலாமுங்க" என்றார் அந்த அம்மா. பீமை வளைக்கும் காந்தத்தின் குமிழைக் காட்டினார். "சார், நீங்களே இதைக் கொஞ்சம் திருப்புங்க. பீம் நகரும். எந்தத் திரையில நகருதோ அது சரி." டைரக்டர் தயங்கினார். அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. குமிழைத் திருப்பினார். புதுத் திரையில் கோடு தாவியது. பழைய திரையில் அசையவில்லை. இன்னும் திருப்பினார். அசையவில்லை. அந்த ஓட்டைக்குப் பிறகு வைத்த ரேடியேஷன் அலாரம் கத்த ஆரம்பித்தது, மெஷின் தானாக நின்றது. பீமே இல்லை. பழைய திரையில் கோடு அப்போதும் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

அலாரத்தை யாரோ அணைத்தார்கள். பெரியவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே?" என்றார்.

டைரக்டர் பழைய திரையைப் பார்த்தார். கை இன்னும் குமிழ்மேல் இருந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவும் பார்க்கவில்லை. அவர் டைரக்டரின் முகத்தையே, ஒரு வேலையும் இல்லாதவர் மாதிரி, ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி எல்லாம் அரசாங்க வேகத்தில் நடந்தது. டைரக்டர் உடல்நிலை சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சமவெளிக்குப் போனார். விசாரணையைத் திரும்பத் திறந்தார்கள். ராமையாவைத் திரும்ப வேலைக்கு எடுக்க உத்தரவு வந்தது, இந்த முறை நிரந்தர வேலை. உத்தரவை எடுத்துக்கொண்டு அந்த அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பாலாடாவுக்குப் போனார். கேரட் மிஷின் இரைச்சலில் காகிதத்தை நீட்டினார். ராமையா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"சொல்லு."

"அன்னைக்கு நான் நெசமாவே தூங்கிட்டேன் அக்கா."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ராமையாவே தொடர்ந்தார். "சோறு தின்னுட்டு ஒக்காந்தேன். மிஸ்டு ஏறுச்சு, ஹீட்டர் பக்கத்துல இருந்துச்சு, கண்ணு சொருகிடுச்சு. நீங்க எனக்காக எந்திரிச்சு அவ்வளவு பேரு முன்னாடி பேசுனீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவை கேரட்டு வாங்க வரும்போதும் சொல்லணும்னு நெனப்பேன். தூங்கலைன்னு தெரியும்னு நீங்களே சொல்லிருவீங்க."

"நீ முழிச்சிருந்தாலும் அந்தக் கோடு நேராத்தான் இருந்திருக்கும்" என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை. "அதனால உனக்கு வேலை வந்தது நியாயம். திங்கக்கிழமை வந்து சேரு." எழுந்தார். அன்று கேரட் வாங்கவில்லை.

ராமையா திங்கட்கிழமை வந்தார். அந்த அம்மா நிற்கிற அதே கன்ட்ரோல் ரூம், அதே ஹீட்டர். அந்த அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இல்லை, அந்த மாதம் இல்லை, ரிட்டயர் ஆகும் வரை இல்லை. ராமையா நல்ல ஆபரேட்டர், அதற்குப் பிறகு டியூட்டியில் கண்ணை இமைக்கக்கூட யோசிப்பார். மிஸ்ட் ஏறும்போது, "அக்கா, நாலாம் கோடு ஆடுது" என்று குரல் கொடுப்பார். இந்த அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னிடம், "தம்பி, தெரியுதுன்னு அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க" என்பார். நான் திரும்பி, "தெரியுதாமுங்க" என்பேன். ராமையா, "சரிங்க" என்பார். தினமும் இது நடக்கும். எங்களுக்குள் அது ஒரு வேலைமுறையாகவே ஆகிவிட்டது. ராமையாவின் மகள் கல்யாணத்துக்கு அந்த அம்மா போனார், பெண்ணுக்குத் தோடு போட்டார், சாப்பிட்டார், பெண்ணின் அப்பாவிடம் பேசாமல் திரும்பி வந்தார்.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஒருமுறை கேட்டேவிட்டேன். "டைரக்டர் அத்தன பண்ணுனாரு. அந்த மனுசன் ஒரு தூக்கந்தானுங்க தூங்குனாரு."

"தூங்குனதுக்கா கோவம்? தூங்கட்டும். அத்தனை வருஷம் நான் ஒரு பொய்யை வச்சுக்கிட்டுப் பழி வாங்கக் காத்திருந்திருக்கேன் தம்பி. என் பக்கத்துலயும் ஒரு கோட்டை ஆடாம நிறுத்தி வச்சுட்டான் அவன்."

அவர் ரிட்டயர் ஆன நாள் வந்தது. மாலை போட்டார்கள், புகைப்படம் எடுத்தார்கள். அவர் ஒரு பெரிய பையோடு கன்ட்ரோல் ரூமுக்கு வந்து, ஒவ்வொருவர் மேஜையாகப் போய்த் தன் கையால் ஒரு பொட்டலம் வர்க்கி வைத்தார். கேன்டீன்காரருக்கு, வாட்ச்மேனுக்கு, என்றோ சண்டை போட்ட கணக்குப் பிரிவுக்காரருக்கு. ராமையா தன் நாற்காலியில் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. அந்த அம்மா அவருடைய மேஜையைத் தாண்டிப் போனார். கடைசியாக என்னிடம் வந்து இரண்டு பொட்டலம் கொடுத்தார். ஒன்று மற்றதைவிடப் பெரிது.

"சின்னது உங்களுக்கு. பெருசை நான் பஸ் ஏறுனதுக்கப்புறம் அந்த ஆளுகிட்டக் குடுத்துருங்க."

"பத்தடி தூரத்துல இருக்காருங்க மேடம். நீங்களே குடுத்துப்போடலாமுல்ல?"

அந்த அம்மா பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நான் குடுத்தா மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்குவான்."